இரண்டு பேரில் ஒருத்தி

திருத்தணி
2.8.2024

ஓசூரில் என்மேல் கோபமாக இருக்கும் மூத்த மகள் பெர்சிஸுக்கு,

உன் நைனா யோபு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் கிட்னி இரண்டையும் தவிர.

என் நம்பரை நீ போனில் அடைத்து வைத்திருப்பதாக உன் தங்கச்சி ஆனி சொன்னாள். அது தெரியாமல் நான் சிக்னல் இல்லையென்று நினைத்து, பஞ்சர் கடையை விட்டு நடுரோட்டுக்கே போய் நின்று உனக்கு அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். அதனால்தான் கடிதம். டயாலிசிஸ் படுக்கையில் இடது கைக்கு ஊசி ஏற்றிவிடுகிறார்கள். வலது கை சும்மாவே கிடக்கிறது. பக்கத்துப் படுக்கை பஞ்சாட்சரம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து இது. உன் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் அன்றைக்கு நீயும் ஆனியும் வெளியே உட்கார்ந்திருந்தபோது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார் இல்லையா? "உங்க ரெண்டு பொண்ணுங்க கிட்னியும் உங்களுக்குப் பொருந்துது. ரெண்டு பேருமே குடுக்கத் தயார்னு சொல்றாங்க. ரொம்பக் குடுத்துவச்சவர் நீங்க" என்றார். பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அதில் 'ப்ரிஃபர்' என்று ஒரு வார்த்தை வந்தது. நான் "யெஸ் சார்" என்றேன். என்னிடம் இருக்கிற இங்கிலீஷ் அவ்வளவுதான். நர்ஸ் பொண்ணுதான், "யாரை விரும்புறீங்கன்னு கேக்கறார் தாத்தா" என்றாள். "ரெண்டு பேரையும்தாம்மா விரும்புறேன், நான் பெத்த புள்ளைங்க" என்றேன். டாக்டரும் நர்ஸும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. யாரென்று சொல்லியாக வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்குப் போனேன். இரண்டு சீட்டில் உங்கள் பெயரை எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்து, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். போதகரம்மாதான் எடுத்தார்கள். ஆனி பெயர் வந்தது. ஆனியும் அங்கே இருந்தாள். "ஆமென்" என்றாள். நல்ல பிள்ளை.

உன் பெயர் வரவில்லை, நீ நிம்மதியாக மூச்சு விடுவாய் என்று நினைத்தேன். நீ என் நம்பரை அடைத்துவிட்டாய். உன் உடம்பில் கத்தி வைக்கமாட்டோம் என்றால் கோபித்துக்கொள்கிற ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஓசூரில் அப்படித்தானா? எழுது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்றும் எழுது.

உன் நைனா
யோபு

*

ஓசூர்
7.8.2024

நைனா அவர்களுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சுலபமானதற்கு முதலில் பதில்.

ப்ரிஃபர் என்றால் விரும்புவது என்று நர்ஸ் சொன்னது பாதிதான் சரி. விரும்புவதற்கு ஒரு பொருள் போதும். ப்ரிஃபர் பண்ண இரண்டு வேண்டும். டீயைவிடக் காப்பி என்று சொல்கிறோம் இல்லையா, அந்த 'விட' அந்த வார்த்தைக்கு உள்ளேயே இருக்கிறது. டீயைக் கொட்டிவிடு என்று அதற்கு அர்த்தமில்லை. டீ பிடிக்காது என்றும் இல்லை. இரண்டும் முன்னால் இருக்கின்றன, நான் கையை நீட்டி இதை எடுக்கிறேன் என்பதுதான் அர்த்தம். அந்தக் கை யாருடையது என்று தெரியவேண்டும். கை இல்லாமல் அந்த வார்த்தை இல்லை.

எட்டாம் வகுப்பில் இதை நடத்தும்போது ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். மழையைவிட வெயில், கணக்கைவிட அறிவியல் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். இந்த வருஷம் ஒரு பெண் எழுந்து, "அப்பாவைவிட அம்மா" என்றாள். வகுப்பே சிரித்தது. பிறகு தானாக அடங்கிவிட்டது. அவள் உண்மையைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நீங்கள் அப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதேயில்லை. அரக்கோணம் போகிற ரயிலில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்றால் சீட்டுப் போடுவீர்கள். கிறிஸ்மஸுக்கு நீலக் கவுன் யாருக்கு என்றாலும் சீட்டுதான். உங்கள் சைக்கிளில் முன்னால் யார், பின்னால் யார் என்பதற்கும் சீட்டு. அதெல்லாம் விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஒருத்தியைத்தான் வேலூரில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க முடியும் என்ற வருஷத்திலும் சீட்டுத்தானே போட்டீர்கள்? என் பெயர் வந்தது. போனேன், படித்தேன், இன்றைக்கு டீச்சர். ஆனால் நீங்கள் என்னைப் படிக்க அனுப்பவில்லை நைனா. போதகரம்மாவின் விரல் அனுப்பியது.

அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் ஆனிக்குத்தான் முட்டையின் மஞ்சள் கரு. என் கண் எதிரிலேயே எடுத்து வைப்பார். எனக்கு வலிக்கும். "உனக்கு அவதான் ஒசத்தி" என்று கத்துவேன். "ஆமா, அதுக்கு இப்ப என்னாங்கற? சின்னது, ஒல்லியாக் கீது" என்று அம்மாவும் கத்துவார். சண்டை போட ஒரு முகம் இருந்தது. உங்களோடு சண்டை போட ஒரு முகமும் இருந்ததில்லை. கர்த்தரோடு எப்படிச் சண்டை போடுவது?

கத்தி என்மேல் படாது என்பதற்காக நான் கோபப்படவில்லை. உங்கள் உயிர் விஷயத்தில்கூட நீங்கள் வாயைத் திறக்கவில்லையே என்றுதான்.

பெர்சிஸ்

*

திருத்தணி
13.8.2024

என் மகள் பெர்சிஸுக்கு,

'நைனா அவர்களுக்கு' என்று போட்டு, பிறகு கடிதம் முழுக்க 'நீங்கள்' போட்டிருந்தாய். போஸ்ட்மேன் தவறான வீட்டில் கொடுத்துவிட்டானோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. 'நீ போய்யா நைனா' என்று நீ திட்டியிருந்தால் ஒரு வேளை சோறு கூடுதலாக இறங்கியிருக்கும்.

அந்த வார்த்தை இப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் தாத்தாவுக்கு நானும் உன் பெரியப்பாவும் இரண்டே பிள்ளைகள். வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்துவார். "இதோ பெரியவன், இவன்தான் எனக்கு உசுரு. இவன் சும்மா, கூட வந்தவன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலமாக இருக்கும் இல்லையா? அப்போது பழகியதுதான் இந்தச் சிரிப்பு, இன்னும் விடவில்லை. அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது. நீ கேட்கிற முகம் அவருக்கு இருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

நீங்கள் இருவரும் பிறந்தபிறகு, 'கூட வந்தவள்' என்று ஒருத்தி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். எனக்கு என் வாயின்மேல் நம்பிக்கை இல்லை. தாத்தாவின் வாய்தானே எனக்கும் வந்திருக்கும்? அதனால் கர்த்தரிடம் விட்டேன். அவருக்கு ஓரவஞ்சனை கிடையாது. இதில் உனக்கு ஒரு குறை வந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஆனியும் வேண்டாம், நீயும் வேண்டாம். நான் இப்படியே டயாலிசிஸில் ஓட்டிவிடுகிறேன். யாருக்கும் கத்தி இல்லை, யாருக்கும் கோபம் இல்லை. டயரைக் கழற்ற மட்டும் வேறு ஆளைக் கூப்பிடவேண்டியிருக்கிறது, கம்பியை நெம்பினால் கண் இருட்டுகிறது. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் நடுவில் நின்று, மலைக் கோபுரத்தை வேடிக்கை பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் யோபு மதம் மாறிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

பஞ்சாட்சரம் இந்த வாரம் வரவில்லை. எங்கே என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "அசையாதீங்க" என்றாள். படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறார்கள்.

உன் நைனா
யோபு

*

ஓசூர்
18.8.2024

நைனா,

தாத்தா சொன்னதை இப்போதுதான் சொல்கிறாய். அம்மாவுக்காவது தெரியுமா? சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்த அந்தப் பையனை நினைத்து, சமையல்கட்டில் நின்று நேற்று அழுதேன். அழுது முடித்தபிறகும் என் கோபம் அப்படியேதான் இருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

'யாரும் வேண்டாம், இப்படியே ஓட்டுகிறேன்' என்கிறாயே, அதுவும் சீட்டுதான். இந்த முறை உன் பெயரை மட்டும் எழுதிப்போட்டு நீயே எடுத்துக்கொண்டாய். பஞ்சாட்சரத்தின் படுக்கை விரிப்பை எழுதிவிட்டு 'மற்றபடி நன்றாக இருக்கிறேன்' என்று என்னிடம் எழுதாதே. எனக்குப் படிக்கத் தெரியும்.

ஆனியைப் பற்றி ஒன்று. சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். சொல்கிறேன். நேற்று மணவூரில் அவள் வீட்டுக்குப் போன் பண்ணினேன். முதலில் "நல்லாக்கிறேங்கா" என்றாள். பிறகு அழுதாள். போன வருஷம் கலைந்துபோனதே ஒரு குழந்தை, அதற்குப் பிறகு அவளும் ஆபேலும் இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். கிட்னி கொடுத்தபின் பிள்ளை பெறுவதென்றால் பலமுறை யோசிக்கவேண்டும் என்று சென்னையில் சொல்லியிருக்கிறார்கள். இவள், "எனக்கு இனிமே குழந்தை வேணாம் டாக்டர்" என்று பொய் சொல்லிவிட்டாள். ஏண்டி அப்படிச் சொன்னே என்றேன். "நீ ரெடின்னு சொன்னப்ப நான் மட்டும் எப்படிக்கா பின்வாங்கறது? சீட்டுலயாவது உன் பேர் வரலாம்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப கர்த்தரே என் பேரை எடுத்துட்டார். அதுக்கப்புறம் நான் என்னா சொல்றது?" என்றாள்.

பார்த்தாயா நைனா? அவளுடைய ஆமெனைக் கேட்டு நல்ல பிள்ளை என்று எழுதினாய். வாய் அடைத்துப்போனவள் வேறு எதைச் சொல்வாள்? நீ கேட்டிருந்தால் உன்னிடம் முடியாது என்று சொல்லியிருப்பாள். உன்னிடம் சொல்ல அவளுக்கு எப்போது பயம் இருந்தது?

என் கிட்னியை வாங்கிக்கொள் என்று நான் கெஞ்சவில்லை. எங்களில் யாரென்று நீ சொல். ஆனிதான் வேண்டும் என்றால், ஆனி என்று சொல், அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் இங்கே அழுதுவிட்டு உன் நம்பரைத் திறந்துவிடுவேன். நான்தான் என்றால் என்னிடம் கேள். கேட்டால் நான் மறுத்தாலும் மறுக்கலாம். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பெர்சிஸ்

*

திருத்தணி
27.8.2024

பெர்சிஸுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மணவூர் போனேன். ஆராதனைக்குப் போகவில்லை. கர்த்தரைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ஏன் நைனா இந்த வெயில்ல வந்துகினு? ஒரு போன் பண்ணா அவரு வந்து கூட்டினு வந்திருப்பாரு இல்ல" என்றாள். மோர் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று எனக்குத் தண்ணீர்க் கணக்கு இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்து, பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தாள்.

"ஆனி, உனக்கு பயமாக்குதா?"

"எதுக்கு நைனா?"

"ஆபரேசனுக்கு."

"இல்ல நைனா."

"ஆனி."

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு, "ஆங்" என்றாள்.

"அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"கர்த்தர்கிட்ட எப்படி நைனா இல்லன்னு சொல்றது?"

"அவர்கிட்ட நீ சொல்ல வேணாம். இப்ப கேக்கறது நான். பஞ்சர் ஒட்றவன் கேக்கறேன். எனக்குப் பதில் சொல்லு."

"எனக்கு இன்னொரு கொழந்தை வேணும் நைனா" என்று சொல்லிவிட்டு, என்னைக் கொன்றுவிட்டவளைப்போல முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அவள் இவ்வளவு தெளிவாக எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டுவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் திரும்பிவந்து போதகரைப் பார்த்தேன். "ஐயா, சீட்டுல வந்ததை மீறலாமா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "போட்டுக் குடுங்கன்னு நீங்க வந்து நின்னீங்க யோபு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நாங்களும் முழங்கால் போட்டோம். அன்னிலருந்து என் வீட்டம்மா ஒழுங்கா தூங்கல. ஏன் என் விரலைக் குடுத்தேன்னு கேட்டுகினே இருக்கா. அவளுக்கு முதல்ல ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார். உள்ளே போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள்.

இப்போது உனக்கு. ஆனி முடியாது என்றதால் மிச்சமிருக்கிற ஆளிடம் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. மணவூர் போகிற ரயிலிலேயே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். அவள் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றிருந்தாலும் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். எப்படிச் சொல்வதென்று ரயிலிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கஷ்டப்பட்டுத்தான் சொல்கிறேன். தாத்தா பேசுகிற மாதிரியே என் காதில் விழுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆனியைவிட உன்னிடம் வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு மனசு, பெர்சிஸ்.

ஏனென்றும் சொல்கிறேன். ஆனிமேல் எனக்குப் பாசம் அதிகம் என்றோ உன்மேல் குறைவு என்றோ இதற்கு அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை பேரிலும் என் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். மற்றவர்களிடம் எதை வாங்கினாலும் அவர்கள் மனசோடு கொடுத்தார்களா என்று சாகும்வரை எனக்குச் சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகத்தை வயிற்றுக்குள் தைத்து வைத்துக்கொண்டு என்னால் நடமாட முடியாது. நீ கொடுத்தால் அது கொடுத்ததுதான். நீ மறுத்தாலும் அது வெளிச்சமாக இருக்கும், உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் வராது. அப்புறம் நான் ஆனியிடம் போகமாட்டேன்.

உன் கிட்னியில் ஒன்றை எனக்குத் தருவாயா?

மாப்பிள்ளை காலேபிடமும் பேரனிடமும் பேசிவிட்டு எழுது. அவசரமில்லை என்று எழுத வாய் வருகிறது. அது பொய். கொஞ்சம் அவசரம்தான்.

உன் நைனா
யோபு

*

ஓசூர்
3.9.2024

நைனா,

உன் கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. வகுப்புக்குப் போகிற வழியில் மாடிப்படியில் நின்றே படித்தேன். நீ கேட்கிற அந்த வரிக்கு வந்தபோது சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து காத்திருந்த வரி அது. சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. என் கை தானாகவே இடுப்புக்கு மேல் போய்ப் பொத்திக்கொண்டது. கேள், கேள் என்று உன்னை அவ்வளவு விரட்டியவள் நான்தான்.

வகுப்பில் பிள்ளைகளை மனசுக்குள் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒளிக்கப்போவதில்லை. நான் மறுத்துப் பார்த்தேன். முடியாது என்று எனக்குள் முடிவு பண்ணி, அந்த முடிவோடு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், பையனுக்குச் சோறு போட்டேன், மறுநாள் பஸ் ஏறினேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நீயும் சொல்லமாட்டாய் என்று எழுதியிருந்தாய், அதை நான் நம்பினேன். அந்த முடிவோடு இருக்க முடிந்தது. இருக்க முடிகிறது என்று தெரிந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, இனி நான் எதைச் சொன்னாலும் அது என் கை எடுத்ததுதான். அதற்கப்புறம் காலேபைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "மாமா இவ்ளோ எழுதுவாருன்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "உன் இஷ்டம் என்னவோ அது. நான் லீவு போட்டுட்டு கூட இருக்கேன்" என்றார். பையன் உன்னைவிட நிறையக் கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

ஆனியிடமும் பேசினேன். அவள் அழவில்லை. திட்டினாள். "எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு நைனாகிட்ட எழுதினியா?" என்று பத்து நிமிஷம் விடாமல் திட்டினாள். அவள் அப்படி என்னைத் திட்டுவது இதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இருந்தது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதற்கான பதிலைப் போனில் சொல்லமாட்டேன். கடிதத்திலும் எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். அரக்கோணத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதே, மூச்சு வாங்கும். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இரு. நான் உள்ளே வந்து பையை வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு உன் எதிரில் உட்காருவேன். நீ சிரிக்கக் கூடாது. கடிதத்தில் கேட்டாயே, அதை அப்படியே ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துக் கேள். நான் என்ன சொல்வேன் என்று உனக்கு இப்போதே தெரியும். தெரியாதவன் மாதிரி கேள், நைனா.

உன் மகள்
பெர்சிஸ்